மனநோய்க்கு மருந்து வேண்டாவென்பார் கூற்று மறுப்பு

வடசென்னையில் இராயபுரம் முதல் எண்ணூர் ஈறாகக் கடலையொட்டி நீண்டு கிடக்கும் நிலப்பகுதி சைவ வரலாற்றிற் பெருஞ்சிறப்பு வாய்ந்தது. அதன் நடுவணதாகிய திருவொற்றியூர் மூவர் முதலிகளாலும் பாடப்பெற்ற திருத்தலம். கலியநாயனார் திருவிளக்குத் தொண்டு புரிந்த பதி. சுந்தரமூர்த்தி நாயனார் மகிழமரத்தடியிற் சூளுரைத்துச் சங்கிலியாரை மணந்த பதி. பட்டினத்தடிகள் கடற்கரையிற் சமாதியுற்ற பதி. அந்நிலப்பகுதியே இக்காலத்துத் துறைமுகமும், மீன்பிடி துறையும், உரச்சாலையும், அனல்மின் நிலையமும், எண்ணெய்க் கிடங்குகளும் செறிந்து, பல்லாயிரங் குடும்பங்கள் கூலியையும் வலையையும் நம்பி வாழும் இடமாயும் உள்ளது. புகையும் கழிவும் வறுமையும் ஒருங்கு கூடிய இடத்தில் உடல்நோய் மிகுதல் யாவரும் அறிந்ததே. மனநோயும் அங்ஙனமே மிகுதற்கிடனுண்டு என்பதைக் கருதுவார் மிகச் சிலர்.

அவ்வூர்களிலும் அவைபோன்ற பிறவூர்களிலும் ஒருவர் மனந்திரிந்து பிதற்றத் தொடங்கியக்கால், அல்லது உண்ணாதும் உறங்காதும் உரையாடாதும் மூலையிற் குந்தியிருந்தக்கால், அவர்தம் வீட்டாரை அணுகி அறிவுரை கூறப் புகுவார் பலராவர். அவருள் ஒரு சாரார் சைவ வேடமும் சைவச் சொல்லும் உடையராய், "இஃது ஊழ்வினை, நுகர்ந்தே கழித்தல் வேண்டும், மருந்து கொடுத்தல் திருவருட்கு மாறு" என்பர். மற்றொரு சாரார் புதுநூற் பயிற்சியுடையராய், "உயிரென்பது வெறுஞ்சொல், காணப்படும் நடத்தையே மனிதன், அதனைத் திருத்தினால் எல்லாம் திருந்தும், வழிபாடும் கோயிலும் பேதைமை" என்பர். இவ்விருசாராரும் தம்முள் முற்றும் மாறுபட்டவர் போலத் தோன்றினும், நோயுற்றாரை முழுமனிதராகக் காணாமை என்னும் ஒரு குற்றத்தில் ஒன்றுபட்டு நிற்றல் வியப்பே. அவர்தம் கூற்றுக்கள் சித்தாந்த நெறிக்கும், ஆராய்ச்சியான் அறியப்பட்ட உண்மைக்கும் எவ்வாறு முரணாகின்றன என்பது ஈண்டு ஆராயப்படும்.

1. வினைவாதியார் கூற்று

மனநோய் வினைப்பயன் என்றல் சைவர்க்கு உடன்பாடே. இன்பதுன்பங்கள் யாவும் வினைவழி வருவன என்று கொள்ளும் சமயத்தார் இந்நோய் ஒன்றை மட்டும் அதனின் நீக்குதல் இயலாது. ஆயினும், "வினைப்பயன், ஆதலால் மருந்து வேண்டா" என்னும் முடிபு அவ்வேதுவினின்று பிறப்பதன்று. கண்ணிற் படலம் வருதலும் வினைப்பயனே. இக்கூற்றுடையார் அதற்குக் கத்திச் சிகிச்சை செய்துகொள்கின்றனர். நீரிழிவு வருதலும் வினைப்பயனே. அதற்கு நாடோறும் மாத்திரை உண்கின்றனர். தம் காலில் முள் தைத்தவிடத்து வினைக்கொள்கையை ஓதிக்கொண்டு வாளா இருந்தவர் இவருள் ஒருவரும் இலர். தமக்கு வருங்கால் மருத்துவமும் பிறர்க்கு வருங்கால் வினைக்கொள்கையும் எடுத்துக் கூறுவது தத்துவமாகாது, தந்நலமேயாம்.

அற்றேல், பிராரத்தம் நுகர்ந்தே தீரவேண்டும் என்னும் நூற்கருத்து என்னாமெனின், கூறுதும் என்று எழுவார்க்கு விடை இது: நோய் பிராரத்தமாயின், அந்நோய்க்கு மருந்தும் மருத்துவனும் உற்றார் துணையும் கிட்டுதலும் பிராரத்தமே. நோயை மட்டும் ஊழின் கணக்கில் எழுதி, மருந்தை அக்கணக்கினின்று அடித்துவிட இவர்க்கு உரிமை தந்தவர் யார்? மேலும், ஒருவன் படுந்துயரைக் கண்டுவைத்தும் கைகட்டி நிற்பானுக்கு அந்நிலையே ஆகாமியமாய் ஏறும் என்பதையும் இவர் மறந்தனர். பிறனது பழவினையை அளந்து கூறத் துணிந்தவர் தமது புதுவினையை அளந்திலர்.

திருமுறை வரலாற்றை நோக்கினும் இவர் கொள்கைக்கு இடமின்மை தெளிவாகும். கொங்குநாட்டிற் குளிர்சுரம் பரவி அடியார்களை வருத்தியபோது, ஞானசம்பந்தப் பெருமான் "வினை, பொறுத்துக்கொள்க" என்று கூறி அப்பாற் செல்லவில்லை. திருநீலகண்டத் திருப்பதிகம் பாடி அந்நோயைத் தீர்த்தருளினார். வினையைக் காரணங்காட்டி உய்யும் வழி தேடாதிருத்தல் குறைபாடென்பதே அப்பதிகத்தின் உட்கிடை. திருப்பாச்சிலாச்சிராமத்திற் கொல்லிமழவன் மகள் முயலகன் என்னும் நோயால் உணர்விழந்து கிடந்தபோதும் அவர் செய்தது அந்நோய் தீர்த்தலே. அம்மகளைத் தந்தை திருக்கோயிலிற் கொண்டுவந்து கிடத்தினான் என்பதன்றி, கட்டிப் போட்டான் என்று வரலாறு கூறவில்லை.

எல்லாவற்றினும் மேலாக, திருவொற்றியூரிலேயே இதற்குச் சான்றுண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் தாம் செய்த சூளுறவைத் தாமே தவறி, அவ்வூரெல்லையைக் கடந்தவுடன் இரு கண்ணொளியும் இழந்தார். செயலும் பயனும் இத்துணை நேராகத் தொடர்புற்ற இடம் பிறிதொன்று காட்டல் அரிது. ஆயினும், "யான் செய்த பிழையின் பயன், கண் வேண்டா" என்று அவர் அமைந்தாரில்லை. இறைவனை இடித்துரைத்தும் கேட்டார், இரந்தும் கேட்டார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். இடையே திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கக் குளத்தில் மூழ்குமாறு பணிக்கப்பட்டு அதுவும் செய்தார். ஊன்றுகோல் முதற்கண் வந்தது. கண் பின்னர் வந்தது. அதுவும் ஒருங்கே வாராது ஒவ்வொன்றாக வந்தது. நீண்டகால நோயுடையார் தேறும் முறையும் பெரும்பாலும் இத்தகையதே. ஊன்றுகோலை எறிந்துவிட்டுக் கண்ணுக்குக் காத்திரு என்று அறிவுரை கூறுவார் நாயனார் வரலாற்றை ஓதியும் உணராதவரேயாவர்.

2. கருவியும் கருத்தாவும்

இவ்வினைவாதியார் கொள்கைக்கு அடிப்படையாயுள்ள மயக்கம் ஒன்றுண்டு. மனம் என்பது உயிரே என்றும், ஆகவே மனநோய் உயிர்க்கு வந்த நோய் என்றும், உயிர்நோய்க்கு மாத்திரை யாது செய்யும் என்றும் இவர் கருதுகின்றனர். இது சித்தாந்தமன்று. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணம் நான்கும் முப்பத்தாறு தத்துவங்களுள் அடங்கியவை. மாயையின் காரியமாகிய சடப்பொருள்கள். கண்ணும் செவியும் போல உயிர்க்குக் கருவிகள். சிவஞானபோதத்தின் நான்காஞ் சூத்திரம் உயிர் அந்தக்கரணங்களின் வேறு என்று நிறுவி, அரசனுக்கு அமைச்சர் போல அவை உயிர்க்கு நிற்கும் என்று காட்டுகின்றது.

இவ்வுண்மையைக் கொண்டே இவ்வழக்கு முடிந்துவிடும். மனம் கருவியாயின் அது பழுதுறும்; பழுதுறுவதாயின் செப்பஞ் செய்யப்படும். கண்ணாகிய கருவிக்குக் கண்ணாடி பொருந்துமாயின், சித்தமாகிய கருவிக்கு மருந்து பொருந்தாதென்று கூறுவதற்கு ஏது யாதும் இல்லை. அமைச்சன் நோயுற்றால் அரசாணை குழறி வெளிப்படும். அதனால் அரசனே பித்தன் என்று முடிவு செய்தல் அறியாமையாம். மனநோயாளன் பிதற்றுங்காலத்தும் அவனுள் நிற்கும் உயிர் பிதற்றுவதன்று. சிவனுக்கு அடிமையாகிய அவ்வுயிரின் தகுதி அணுவளவும் குறைவதன்று. ஆதலின் அவனை இகழ்தலும், அடித்தலும், கட்டிவைத்தலும் ஒரு கருவியின் பழுதுக்காகக் கருத்தாவைத் தண்டித்தலாய் முடியும்.

மருந்தால் இக்கருவி செப்பமுறுதல் வெறுங் கொள்கையன்று, கண்கூடு. 1949-இல் ஆத்திரேலிய நாட்டு ஜான் கேட் என்பார் லித்தியம் என்னும் உப்பு வெறிநோயைத் தணித்தலைக் கண்டு வெளியிட்டார். 1952-இல் பாரிசு நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனச்சிதைவுற்றார்க்குப் பயன்படுதல் அறியப்பட்டது. அதன்பின்னரே ஆண்டுக்கணக்காக அடைப்பட்டுக் கிடந்தார் பலர் வீடு திரும்புதல் இயல்வதாயிற்று. சென்னையில் 1794-இல் வாலண்டைன் கானலி என்னும் வைத்தியராற் சிறிதாகத் தொடங்கப்பெற்று, 1871-இற் கீழ்ப்பாக்கத்திற்கு மாறிய மனநோய் வைத்தியசாலை இம்மாறுதலை நேரிற் கண்டது. 1961 முதல் 1978 வரை அதன் தலைமை பூண்டவரும், இந்திய நாட்டு முதல் பெண் மனநோய் வைத்தியரும் ஆகிய டாக்டர் சாரதா மேனன், நோயாளர் மதிலுக்கு வெளியே மீண்டும் தொழிலும் உறவும் பெற்று வாழ்தலே சிகிச்சையின் முடிபு என்று கொண்டு உழைத்தார். 1984-இல் அவர் தோற்றுவித்த மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் அந்நெறியிலேயே சென்னையில் நடைபெறுகின்றது.

3. கோயிலிற் கண்ட பயன்

"ஆயின், திருக்கோயிலில் தங்கியே பலர் குணமடைகின்றனர்; ஆராய்ச்சியாளரே ஒப்புக்கொண்டனர்" என்று வினைவாதியார் இடையே ஒரு சான்று காட்டுவர். அச்சான்று உண்மையானதே. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் ஊரில் முத்துசாமி என்னும் பெரியார் சமாதியிடத்து அமைந்த கோயிலுக்கு மனநோயாளரைக் கொண்டுவந்து தங்கவைத்தல் வழக்கம். பெங்களூர் மனநல நிறுவனத்து இரகுராம் முதலியோர் அங்கு வந்த 31 பேரை ஆராய்ந்து, 2002-இற் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் இதழில் முடிபு வெளியிட்டனர். தங்கியோர்க்கு மருந்து கொடுக்கப்படவில்லை; தனிச்சடங்கு எதுவும் இல்லை; காலை வழிபாட்டிற் கலந்துகொள்ளல், இடம் பெருக்கல், செடிக்கு நீர் வார்த்தல் போன்ற எளிய பணிகளே நிகழ்ந்தன. சராசரி 6 வாரம் தங்கிய அளவில், நோயின் கடுமையைக் குறிக்கும் அளவெண் ஏறத்தாழ 5-இல் ஒரு பங்கு குறைந்தது.

இச்சான்றை ஆழ்ந்து நோக்குவார்க்கு அஃது இவர் கூற்றை வலியுறுத்தாது மறுத்தலே புலனாகும். என்னை? முதலாவது, நோயின் கடுமை 5-இல் ஒரு பங்கு குறைந்ததென்பது 4 பங்கு எஞ்சி நின்றதென்பதாம். எஞ்சியதற்கு மருந்து வேண்டும். இரண்டாவது, ஆராயப்பட்டோர் 31 பேரே. ஒப்புநோக்குதற்கு வேறு குழுவினர் இலர். இத்துணைச் சிறிய ஆய்வைக் கொண்டு நாட்டிலுள்ள வைத்தியசாலைகளையெல்லாம் மூடுக என்பார் அவ்வாராய்ச்சியாளரும் கூறாததைக் கூறுவாராவர். மூன்றாவது, அவ்விடத்துப் பயன் தந்தன யாவை? அச்சுறுத்தாத இடம், உடன் தங்கிய உறவினர், கையாற் செய்யும் பணி, பலரோடு கூடிய வழிபாடு என்பனவே. "கிட, வினை கழியட்டும்" என்னும் உபதேசம் அப்பட்டியலில் இல்லை.

இவ்வன்பும் காவலும் இல்லாத இடத்தில் யாது நேரும் என்பதை 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் உலகறியக் காட்டியது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றிற் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓடமாட்டாது 28 பேர் மாண்டனர். இதனை ஒரு மதத்தார் பிழையென்று சுட்டி ஏனையோர் கைகழுவுதல் நேர்மையன்று. நோயாளரைக் கட்டிவைக்கும் வழக்கம் பல சமயத்தார் இடங்களிலும், பல வீடுகளின் பின்கட்டிலும் இருந்ததே. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளரை எவ்வகையானும் சங்கிலியாற் பிணித்தலாகாதென்று விதிக்கின்றது. அரசியற் சட்டம் கூறுமுன் இதனைக் கூறியிருக்க வேண்டுவது, பாசத்தளையை அறுத்தலே பயனென்று பேசும் சமயத்தார் வாயன்றோ?

குசராத்து மாநிலத்து உனாவா என்னும் ஊரின் மீரா தாதர் தர்காவில் 2008 முதல், வழிபட வருவாரைத் தடுக்காமலே அவ்விடத்திலேயே மனநோய் வைத்தியரும் இருந்து மருந்து கொடுக்கும் முறை நடைபெற்றது. பின்னர் ஏர்வாடியிலும் அம்முறை வந்தது. தொழுகையும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல என்பது செயலிற் காட்டப்பட்டது. பிற சமயத்தார் செய்து காட்டியதைச் சைவர் செய்யவொண்ணாமைக்குத் தடை யாதுமில்லை.

இன்னும் ஒரு வீண்பெருமையையும் ஈண்டே களைதல் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய ஆய்வுகள் சில, மனச்சிதைவுற்றார் செல்வ நாடுகளினும் வறிய நாடுகளில் நன்கு தேறுகின்றனர் என்று கூறின. அதனைக் கொண்டு, "எம் குடும்பமே மருந்து" என்று மார்தட்டுவார் பலர் தோன்றினர். 2008-இல் சென்னை நிறுவனத்து டாக்டர் தாராவும் விக்ரம் படேல் முதலியோரும் சேர்ந்து, பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கு வைத்து நோக்கி, அக்கருத்து எளிதில் ஏற்கத்தக்கதன்று என்று காட்டினர். குடும்பம் துணை என்பது மெய். குடும்பமே போதும் என்பது பொய். முதியோளாகிய தாய் ஒருத்தி தனியளாய் மனநோயுற்ற மகனைக் காத்துத் தளரும் வீட்டின்முன் நின்று குடும்பப் பெருமை பேசுதல் கொடுமையேயாம்.

4. நடத்தை நூலார் கூற்று

இனி மறுதலையார் கொள்கையை நோக்குக. 1913-இல் அமெரிக்க நாட்டு வாட்சன் என்பார், உள்ளுணர்வு என்பது ஆராய்ச்சிக்குரிய பொருளன்று, புறத்தே காணப்படும் நடத்தையே மனநூலின் பொருள் என்று முழங்கினார். 1971-இல் ஸ்கின்னர் என்பார் அதனினும் ஒருபடி கடந்து, மனிதனுக்குத் தன்னுரிமையும் தனிமதிப்பும் உண்டென்பதே பழங்கற்பனை என்று நூல் செய்தார். சிவஞானசித்தியார் பரபக்கத்தில் முதற்கண் மறுக்கப்பட்ட உலோகாயதன் புதுச்சட்டை அணிந்து வந்தாலன்ன கொள்கை இது. நடத்தையை அளந்து கூறுபவனும் ஓர் அறிவுடையவனே. அளக்கப்படுவதை எல்லாம் ஒப்புக்கொண்டு அளப்பவனை மட்டும் இல்லையென்பது, தன் தோளின்மேல் தானே ஏறி நிற்கலாம் என்பது போலும். பிற்கால ஆராய்ச்சியாளருள்ளும் பெரும்பாலார் இவ்வளவு கடும்போக்கைக் கைவிட்டு, நினைவு, எண்ணம், நம்பிக்கை என்பவற்றையும் ஆராய்ச்சிக்குள் ஏற்றனர்.

கொள்கை பிழையாயினும் அத்துறையாற் கண்ட பயனைத் தள்ளுதல் அறிவுடைமையன்று. உள்ளச்சோர்வு நோயுற்றாரை, "மனம் தெளிந்தபின் செயல்" என்று காத்திராது, சிறு சிறு நற்செயல்களில் முதற்கண் ஈடுபடுத்தி அதன்வழி மனத்தைத் தேற்றும் முறையொன்று நடத்தை நூலிற் பிறந்தது. கோவா மாநிலத்தில் ஏறத்தாழ 500 பேரைக் கொண்டு இம்முறை சோதிக்கப்பட்டது. அதனை நடத்தியோர் வைத்தியர் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்களே. லான்செட் இதழில் வெளிவந்த முடிபின்படி, மூன்று திங்களில் இம்முறை பெற்றாருள் நூற்றுக்கு 64 பேரும் பெறாதாருள் நூற்றுக்கு 39 பேரும் நோய் நீங்கினர். திருக்கோயில் அலகிடலும், மெழுக்கிடலும், பூத்தொடுத்தலும், விளக்கிடலும் ஆகிய சரியைத் தொண்டில் உடல் முன்செல்ல உள்ளம் பின்வருதலை அறிந்த சைவர்க்கு இம்முடிபு புதிதாய்த் தோன்றாது. ஆயினும், "எல்லாம் எம் நூலில் முன்னரே உண்டு" என்று கூறி அமைதல் நகைப்பிற்கிடமாம். சரியை சிவனை நோக்கிய தொண்டு. இஃது நோயை நோக்கிய சிகிச்சை. ஒப்புமை உண்டு, ஒன்றன்று. கோவாவில் செய்தவர் எண்ணிப் பார்த்தனர். முன்னரே அறிந்ததாகக் கூறுவார் தம் தெருவில் சோர்ந்து கிடப்பார் ஒருவரையேனும் எழுப்பியதுண்டா என்பதே வினா.

5. நலத்தை அளக்கும் கோல்

நோயை மட்டுமன்றி நல்வாழ்வையும் அளக்கலாம் என்பது அண்மைக்காலத்து ஆராய்ச்சித் துணிபு. உலக சுகாதார நிறுவனம் 1948 முதலே உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றன் நலமே ஆரோக்கியம் என்று வரையறுத்துளது. 1998-இல் ஐந்து வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்று வகுக்கப்பட்டது. கடந்த இரண்டு வாரத்தில் உள்ளம் மகிழ்ந்திருந்ததா, அமைதியாயிருந்ததா, உறங்கி எழுங்கால் புத்துணர்வு இருந்ததா என்பன போல அது வினவும். 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கையோ, வாழ்க்கையைப் பத்துப் படிகொண்ட ஏணியாகக் கருதி, எப்படியில் நிற்கின்றீர் என்று மக்களைக் கேட்டு நாடுகளை வரிசைப்படுத்தும்.

இக்கோல்கள் பயனற்றவை அல்ல. சோர்வுற்றாரை விரைவிற் கண்டறிய அவை உதவுவன. ஆயினும் அவற்றின் விடையையே முழு உண்மையாகக் கொள்வார்க்கு ஒரு தடை உண்டு. நெடுங்காலம் இல்லாமையிற் பழகியவர் தம் ஆசையையே சுருக்கிக்கொண்டு, இருப்பதே போதும் என்று விடையிறுப்பர் என்று அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியுள்ளார். எண்ணூர்க் குப்பத்து மீனவன் ஒருவன் நலமே என்று விடை கூறின், அது நலத்தைக் காட்டுவதா, நலத்தைப்பற்றிய நம்பிக்கை இழந்ததைக் காட்டுவதா என்று அக்கோல் அறியாது.

இவ்விடத்துச் சைவ உபதேசிகள் சிலர் புகுந்து, "போதுமென்ற மனமே துறவு, பட்டினத்தடிகள் இக்கடற்கரையிலன்றோ அனைத்தையும் துறந்து நின்றார்" என்பர். அடிகள் துறந்தார், மீனவன் இழந்தான். துறத்தல் வேறு, இழத்தல் வேறு. தன் செல்வத்தைத் தானே விடுத்தவன் விடுதலை பெறுவான். தன் வலையைப் பிறர் கழிவால் இழந்தவன் கடன் பெறுவான். இழந்தவனுக்குத் துறவை உபதேசித்தல், பசித்தவனுக்கு நோன்பின் பெருமையை ஓதுதல் போலாம்.

6. சார்பின் வலி

உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையுடையது என்பது சித்தாந்தத்தின் அடிப்படைகளுள் ஒன்று. அதனை மலத்துக்கும் அருளுக்கும் மட்டுமே உரியதாக வைத்துப் பேசி, கண்முன் கிடக்கும் சார்பைக் காணாதிருத்தல் தகாது. எண்ணூர் மக்கள் சார்ந்திருப்பது யாது? 2017-ஆம் ஆண்டு சனவரி 28-இல் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையெல்லாம் படர்ந்தது. அதனை மக்கள் வாளிகொண்டு அள்ளினர். 2023-ஆம் ஆண்டு திசம்பரில் மிக்சாம் புயல்வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து கொசத்தலையாற்று முகத்துவாரத்தில் பரவ, படகும் வலையும் கறைபட்டுத் தொழில் நின்றது. அத்திங்கள் 26-ஆம் நாள் நள்ளிரவில் உரச்சாலைக் கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் முதலிய ஊரார் மூச்சுத்திணறி இருளில் ஓடினர். பலர் வைத்தியசாலை சேர்ந்தனர்.

இத்தகைய சார்பு மனத்தை வருத்தும் என்பதற்கு ஆராய்ச்சிச் சான்றும் உளது. 2020-இல் சயன்சு என்னும் இதழில் வெளிவந்த தொகுப்பாய்வொன்று, வருவாய் இழத்தல் உள்ளச்சோர்வையும் கவலைநோயையும் விளைத்தலையும், வறுமை தணிப்பின் அவை தணிதலையும், நோய்க்குச் சிகிச்சை தரின் உழைக்கும் ஆற்றல் மீளுதலையும் காட்டியது. வறுமையால் நோய், நோயால் வறுமை என்று இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். ஆதலின், குப்பத்து மக்கட்கு மனவுறுதி உபதேசம் மட்டும் செய்து, கழிவு விடுவாரைப்பற்றி வாய்திறவாதார், நடத்தை நூலாராயினும் சரி, சமய உபதேசியாராயினும் சரி, நோயின் வேரை மறைப்பவரேயாவர். 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்க்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது அதன்கண் நின்று உழைத்த திரு. வி. கலியாணசுந்தர முதலியார் பெரியபுராணத்தில் தோய்ந்த சைவரே. சிவத்தொண்டு வேறு, கூலியாள் துயர் களைதல் வேறு என்று அவர் கண்டாரில்லை.

7. செய்யத்தக்கன

2015-16-இல் நிகழ்ந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் வயதுவந்தாருள் நூற்றுக்குப் பத்துக்குமேற்பட்டோர் ஏதேனுமொரு மனநோய் உடையர். அந்நோயுடையாருள் நோய்வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 வரையினோர் சிகிச்சை பெறாதவர். இவர் எல்லாரும் வைத்தியசாலை இல்லாமையால் மட்டும் சிகிச்சை இழந்தாரல்லர். இராயபுரத்துக்கு அணித்தே ஸ்டான்லி வைத்தியசாலையும், அந்நகரிலேயே கீழ்ப்பாக்கம் மனநோய் வைத்தியசாலையும் உள. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 14416 என்னும் எண்ணில் தொலைபேசி வழியே மனநல ஆலோசனையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. வழி உண்டு, வாயிலில் நாணமும் பழிச்சொல்லும் போலிவேதாந்தமும் காவல் நிற்கின்றன. அக்காவலை நீக்குதல் சைவ மன்றங்களால் இயலும் பணி.

சொற்பொழிவாளர் ஆண்டுக்கொருமுறையேனும் மனநோய் நோயே என்றும், அதனால் உயிரின் தகுதி குறையாதென்றும் அவையில் எடுத்துக் கூறுக. நோன்பு, விரதம், மாலையணிதல் ஆகியவற்றின் பொருட்டு மனநோய் மருந்தை நிறுத்துமாறு எவரும் அறிவுரை கூறாதொழிக. வைத்தியரைக் கேளாது இடையில் நிறுத்திய மருந்தால் நோய் மீண்டவர் பலர். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தாரைப் பாவியென்று ஒதுக்காதொழிக. அவர் கடுந்துயருற்றவர் என்றே கருதுமாறு 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகின்றது. தேறி வருவார்க்கு நந்தவனத்திலும் திருமடைப்பள்ளியிலும் பிறரோடு கூடிச் செய்யும் சிறுபணி தருக. அவரைப் பித்தரென்று அழையாதிருத்தலே அப்பணிக்கு முதற்கூலி. இளையோருட் சிலர் கோவாவிற் செய்தாற்போல முறைப்படி பயிற்சி பெற்று, குப்பங்களிற் சென்று துயருற்றார் சொல்லைப் பொறுமையோடு கேட்க.

மனம் கருவி என்று ஓதியவர் கருவி பழுதுற்றவழி அதனைப் பேணுதற்கும், உயிர் சிவனுக்கு அடிமை என்று ஓதியவர் எந்நிலையினும் அவ்வுயிரை மதித்தற்கும், உயிர் சார்பின் வண்ணமாம் என்று ஓதியவர் அச்சார்பைத் திருத்துதற்கும் கடப்பாடுடையர். இம்மூன்றும் செய்யாது, நோயாளன் வீட்டு வாயிலில் நின்று வினைக்கொள்கை பேசுவார் சித்தாந்தத்தைப் பாதுகாப்பவரல்லர். அதன் பெயரால் தம் சோம்பலைப் பாதுகாப்பவரேயாவர் என்க.